பாலகுருவைக் கொடுத்து ஹஸ்னைனை வாங்கிய சீசன்

பாலகுருவைக் கொடுத்துவிட்டு ஹஸ்னைனை வாங்கியாயிற்று என்று சேதுமாதவன் சொன்னபோது வசந்தகுமாரியின் கையில் டீ இருந்தது. பழைய மிக்ஸியைக் கொடுத்துப் புது மிக்ஸி வாங்கி வந்தவர் மாதிரி அத்தனை திருப்தியாக அவர் அதைச் சொன்னார். அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி டீ கொட்டியது. அவள் துடைக்கவில்லை.

"யாரைக் கேட்டு சார் கொடுத்தீங்க?"

"யாரைக் கேக்கணும்? டீம் கம்பெனியோடது. கம்பெனிக்கு ஆபரேஷன்ஸ் மேனேஜர் நான்."

சேதுமாதவன் மதுரைக்காரர். நல்ல மனிதர் என்று ஷார்ஜாவில் அவர்கள் இருக்கிற முவைலா முழுக்கப் பேர் வாங்கியவர். தீபாவளிக்குக் கம்பெனி ஆட்கள் தங்குகிற கேம்ப்பில் உள்ள ஒவ்வொரு ரூமுக்கும் இனிப்பு அனுப்புவார், யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் காரிலேயே கிளினிக்குக் கூட்டிப் போவார். இந்த மாதிரி நல்லவர்களைத்தான் வசந்தகுமாரிக்குச் சமாளிக்கத் தெரியாது. அயோக்கியனாக இருந்தால் முதல் நாளே நாலு வார்த்தை கேட்டு ஒதுக்கிவிடலாம். இவர் தப்பைச் செய்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நிற்பார், திட்டுகிறவள்தான் பொல்லாதவளாகத் தெரிவாள்.

அவளுக்குப் பொல்லாதவள் என்ற பேர் ஏற்கெனவே உண்டு. சொந்த ஊர் உறையூர். பி.காம். முடித்து, கல்யாணமாகி, கணவரோடு ஷார்ஜாவுக்கு வந்து, இந்தக் கம்பெனியில் சம்பளக் கணக்குக்குச் சேர்ந்து, இப்போது அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர். கட்டடங்களுக்கு ஏசி, பிளம்பிங், துப்புரவு எல்லாம் பார்க்கிற நடுத்தரக் கம்பெனி அது. வாடகையை ஏற்றிய வீட்டுக்காரர், பார்க்கிங்கில் குறுக்கே வண்டியை விட்டுவிட்டுத் தொழப் போனவர், போனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு இசை போடுகிற பேங்க் என்று தினம் யாராவது அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஆனால் அவள் வந்த பிறகு ஒரு மாதம்கூடச் சம்பளம் தாமதமானதில்லை. "மேடம் வாய் பொல்லாதது, காசு கரெக்டா வந்துரும்" என்று கேம்ப்பில் சொல்வார்கள். அது காதில் விழுந்தபோது அவளுக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

கிரிக்கெட் டீமும் கோபத்தில்தான் அவள் கைக்கு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்து யார் என்று மீட்டிங்கில் பேச்சு வந்தது. டீம் செலவு ஏன் இப்படி எகிறுகிறது என்று வசந்தகுமாரி கேட்டாள். "மேடம், கிரிக்கெட்டைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒருவர் சிரித்தார். "சம்பளத்தைப் பத்தித் தெரியும், அது போதும், எங்கிட்ட குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகுதான் அதில் எவ்வளவு அசிங்கம் இருக்கிறது என்று தெரிந்தது.

கம்பெனிகளுக்குள் நடக்கிற லீக் அது. கம்பெனி விசாவில் இருக்கிறவன் மட்டும்தான் அந்தக் கம்பெனிக்கு ஆடலாம் என்று ஒரு விதி. வெளியிலிருந்து காசு கொடுத்து ஆள் கொண்டுவரக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் வயிறு எரியும். ஆட்டக்காரனை மாற்ற முடியாது என்றால் ஆளையே மாற்றிவிடுவார்கள். இங்கே விசாவைக் கேன்சல் செய்து அங்கே புது விசா போட்டு, வேலை, சூப்பர்வைசர், மெஸ், படுக்கிற கட்டில் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவார்கள். பந்து போடத் தெரிந்த பாவத்துக்கு ஒருத்தனின் பிழைப்பே இடம் மாறிவிடும்.

இந்த லீக்கில் மூன்று வகை டீம் உண்டு. பெரிய காண்ட்ராக்டர் கம்பெனிகளிடம் ஆயிரக்கணக்கில் ஆள் இருப்பதால் சலித்து எடுத்தாலே பதினோரு பேர் தேறிவிடுவார்கள். சின்னக் கம்பெனிகள் ஆடிவிட்டு பிரியாணி தின்றுவிட்டுப் போகும், ஜெயிக்கிற கவலையே கிடையாது. நடுவில் இருக்கிறவனுக்குத்தான் எல்லா வினையும். பெரியவனைப் போலச் செலவு செய்து சின்னவனைப் போலத் தோற்பான். வசந்தகுமாரியின் கம்பெனி வருடா வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. டீமுக்கு ஒதுக்கிய பணம் மொத்தத்தையும் ஒரே ஒரு பேட்ஸ்மேனுக்குக் கொட்டினார்கள். மற்ற பத்துப் பேரும் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை இழந்து கிரவுண்டுக்கு வந்தார்கள். ஓவர்டைம் போன துக்கத்தில் நிற்கிறவனுக்குப் பந்து வந்தால் என்ன, போனால் என்ன.

அவள் வந்ததும் அந்த நட்சத்திரக் கணக்கை மூடினாள். யாருக்கும் தனிப்பணம் கிடையாது. மேட்ச்சுக்கு வருகிறவனுக்கு அன்றைக்கு அவன் இழக்கிற ஓவர்டைம் அப்படியே கிடைக்கும், ஒரு திர்ஹாம் கூடவும் இல்லை, குறைவும் இல்லை. ஹெல்பரின் ஓவர்டைம் குறைவு, டெக்னீஷியனுடையது அதிகம். அதனால் ஹெல்பர்களாகப் பார்த்து எடுத்தாள். சிக்ஸர் அடிக்கிறவனைத் தேடவில்லை. வைடு போடாதவனை, கேட்ச்சை விடாதவனைத் தேடினாள். லீவு எப்போது வருகிறது என்றும் பார்த்தாள், பிப்ரவரியில் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறவன் எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் வேண்டாம் என்றாள். சிரித்தவர்கள் சிரித்தார்கள். போன வருடம் டீம் அரையிறுதிக்குப் போனது, இந்த வருடமும் போனது.

அப்படி எடுத்தவர்களில் ஒருவன்தான் பாலகுரு. கமுதிப் பக்கம். ஏசி ஹெல்பர். கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து மொட்டைமாடி வரைக்கும் ஏறுகிற வேலை. கடைசி ஓவரில் பேட்ஸ்மேனின் கால் கட்டைவிரலைக் குறிவைத்துப் பந்து போடுவான், நடுக்கம் என்பதே இருக்காது. கோடை தொடங்கும் முன் கம்பெனி வருடத்துக்கு ஒரு முறை டெக்னீஷியன் டெஸ்ட் வைக்கும். போன வருடம் டெஸ்ட் அன்றைக்கு அவனை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் விடக் கூடாது என்று, டூட்டி முடிந்த பிறகு ஒர்க்‌ஷாப்பில் நின்று செப்புக் குழாய் ஒட்டப் பழகிக்கொண்டிருந்தான். டெஸ்ட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லை. கம்பெனியில் பேர் இருக்கிறவன்தான் எழுதலாம்.

அவனைத்தான் ஒரு பெரிய காண்ட்ராக்டர் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார் இந்த மனிதர்.

"அவனுக்கு டெஸ்ட் இருக்கு சார். அங்க போனா மறுபடி ஹெல்பர். அதுவும் சாரம் கட்டுற ஹெல்பர். ஏசி பக்கமே போக மாட்டான்."

"மேடம், இது நீங்க சொல்லிக் குடுத்ததுதானே" என்றார் சேதுமாதவன். உண்மையிலேயே அவருக்கு ஆச்சரியம். "போன வருஷம் மீட்டிங்ல நீங்கதான் சொன்னீங்க. ஹெல்பர் டெக்னீஷியன் ஆயிட்டா அவனோட ஞாயித்துக்கிழமை நமக்கு விலை ஏறிடும், ஏறுறதுக்கு முன்னாடியே மாத்து ஆள் பார்த்துக்கணும்னு. அதைத்தான் செஞ்சேன். விலை ஏறுறதுக்கு முன்னாடி வித்துட்டேன். பதிலுக்கு லீக்லயே பெரிய பேட்ஸ்மேன். ஃபைனல் பாக்க நம்ம கிளையன்ட் வர்றார். அடுத்த வருஷ காண்ட்ராக்ட் அவர் கையில."

வசந்தகுமாரிக்கு முகம் சுட்டது. சொன்னது வாஸ்தவம்தான். பாலகுரு டெக்னீஷியன் ஆவதற்குள் இன்னொரு ஹெல்பரை அவன் பக்கத்தில் வைத்துப் பழக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் சொன்னாள். அவனைத் தூக்கிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மீட்டிங்கில் அவளும் அவனை விலை என்றுதான் சொல்லியிருந்தாள். அந்த எரிச்சலில் குரல் இன்னும் உயர்ந்தது.

"சரி சார், வித்தீங்க. கணக்காவது பாத்தீங்களா? இவன் விசாவைக் கேன்சல் பண்ணி, மெடிக்கல் முடிஞ்சு, அங்க புது லேபர் கார்டு வர்ற வரைக்கும் இவன் எந்தக் கம்பெனி ஆளும் இல்ல. அந்த ஹஸ்னைனும் அப்படித்தான். இந்த ஞாயித்துக்கிழமை அரையிறுதி. ரெண்டு பேரும் கோட்டுக்கு வெளியதான் உக்காரணும்."

"விசா வேலைக்குன்னே பி.ஆர்.ஓ. இருக்கான், பார்த்துப்பான். ரெண்டே நாள்ல முடிச்சுத் தரேன்னு சொல்லிட்டான். யல்லா, சீக்கிரம் பேப்பரை மூவ் பண்ணுங்க."

கேன்சல் காகிதத்தில் பாலகுரு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான். அவள் தடுக்க ஒன்றுமில்லை. அன்றைக்கு வீட்டில் பாத்திரம் ஒவ்வொன்றும் சத்தத்தோடு இறங்கியது. "அம்மா, யூ ஆர் ஷௌட்டிங் அட் தி ஃப்ரிட்ஜ்" என்றாள் மகள் அனன்யா. "அதுவாவது பதில் பேசாம கேக்குது" என்றாள் வசந்தகுமாரி.

ஞாயிற்றுக்கிழமை அஜ்மானில் மேட்ச். எதிர் டீம் அதே பெரிய காண்ட்ராக்டர். ஹஸ்னைன் புது ஜெர்சி போட்டு, பேட்டை எண்ணெய் தடவிப் பளபளவென்று கொண்டுவந்திருந்தான். சியால்கோட் பையன், கூச்சமாகச் சிரித்தான். அம்பயர் லேபர் கார்டு கேட்டார். அரபியில் "மாஃபி" என்றான், அதாவது இல்லை. பி.ஆர்.ஓ.வுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹஸ்னைன் ஜெர்சியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தான். அங்கே முன்பே ஒருவன் உட்கார்ந்திருந்தான். பாலகுரு. இரண்டு கம்பெனி பஸ்ஸிலும் ஏறாமல், யாருடைய பைக்கிலோ வந்திருந்தான். விற்றவனும் வாங்கியவனும் கோட்டுக்கு உள்ளே ஆட, விற்கப்பட்ட இரண்டு பேரும் வெளியே மணலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க வசந்தகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி ஓவர் போட ஆள் இல்லை. துப்புரவுப் பிரிவிலிருந்து ஒருவனைப் பிடித்துப் போடச் சொன்னார்கள். பாவம், வரிசையாக வைடு போட்டான். தோற்றார்கள்.

"பேட் லக்" என்றார் சேதுமாதவன், ஜெயித்தால் பிரிக்கலாம் என்று வாங்கி வைத்திருந்த பிரியாணியைப் பிரித்தபடி.

"லக்கா?" என்றாள் வசந்தகுமாரி. அதற்கு மேல் அங்கே நின்றால் என்ன பேசுவோம் என்று அவளுக்கே பயம். நேரே பாலகுருவிடம் போனாள்.

"ஏன்டா கையெழுத்துப் போட்டே? டெஸ்ட் இருக்குன்னு தெரியாது? வாயில என்ன இருந்துச்சு?"

பாலகுரு எழுந்து நின்றான். இரண்டு வருடத்தில் அவளிடம் சரி மேடம் என்பதைத் தவிர வேறு பேசாதவன்.

"கேட்டாங்களா மேடம்? சூப்பர்வைசர் கூப்புட்டாரு, விரலை வச்சுக் காட்டுனாரு, அந்த இடத்துல போட்டேன். எங்க போறேன்னு எனக்கு மறுநாத்தான் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினான். "டீம்ல சேத்தப்ப நீங்க மட்டும் கேட்டீயளா? நோட்டீஸ் போர்டுல பேரு இருந்துச்சு. வந்து போட்டேன்."

கணவரிடமும் வீட்டுக்காரரிடமும் பேங்கிடமும் பதில் வைத்திருக்கிற வசந்தகுமாரி, மணலில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். ஓவர்டைமைச் சரியாகக் கொடுத்தோம் என்ற பெருமை அவளுக்கு இருந்தது. வர்றியா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறு வாரம் இன்னும் மோசமானது. ஃபைனலில் அந்தப் பெரிய காண்ட்ராக்டர் கம்பெனியும் தோற்றது. அதோடு அவர்களுக்கு பாலகுரு மேல் இருந்த ஆசையும் தீர்ந்தது. அவர்களுடைய கேம்ப்பையும் டீமையும் பார்த்துக்கொள்கிற மூசா, கீழக்கரைக்காரர், போனில் பேசினார்.

"மேடம், புது விசாவுக்கு மேல அப்ரூவல் வரல. சீசனும் முடிஞ்சு போச்சு. ஆளை நீங்களே வச்சுக்குங்களேன்."

"வச்சுக்கறதா? கேன்சல் ஆயிடுச்சு மூசா பாய். அவன் நாடு விட்டுப் போகணும், இல்லன்னா வேற வேலை தேடணும். சாமானா இது, பில்லோட திருப்பிக் குடுக்க?"

"எனக்கும் வருத்தந்தான். நான் என்ன செய்ய? நீங்க வர்றதா இருந்தா சொல்லுங்க, எங்க சம்பளக் கணக்கு நாறிக் கெடக்கு. உங்களுக்குன்னா இன்னைக்கே அப்ரூவல் வாங்கிருவேன்."

அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் ஹஸ்னைனுக்குக் கார்டு வந்துவிட்டது, ஆட மேட்ச்தான் இல்லை. அவன் டைல் மேஸ்திரி. பராமரிப்புக் கம்பெனியில் டைல் வேலை எப்போதாவது வரும். அதுவரைக்கும் சும்மா இருக்காதே என்று அவன் கையில் வாளியும் துடைப்பமும் கொடுத்திருந்தார்கள். லீக்கிலேயே பெரிய பேட்ஸ்மேன் முவைலாவில் படிக்கட்டு கழுவிக்கொண்டிருந்தான். அடுத்த வாரமே டைல் வேலை இருக்கிற சைட்டாகப் பார்த்து அவனை அனுப்ப வைக்க வசந்தகுமாரி இரண்டு சூப்பர்வைசர்களோடு சண்டை போட வேண்டியிருந்தது.

பாலகுருவைக் கேம்ப் வாசலில் போய்ப் பார்த்தாள். கேட்டுக்குள் அவனை இன்னும் விட்டுவைத்திருந்ததே ரூம்காரர்கள் கெஞ்சியதால்தான். இந்த முறை அவள் திட்டவில்லை.

"உனக்கு என்ன வேணும் பாலா? நீ சொல்லு."

அவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். கேட்கப்பட்டுப் பழக்கமில்லை.

"டெஸ்ட் எழுதணும் மேடம். ஊருக்குப் போனாலும் ஹெல்பராப் போகக் கூடாது."

"இதே கம்பெனியிலயா?"

"கம்பெனி மேல கோவம் இருக்கு. வேல மேல இல்ல."

மறுநாள் காலையில் வசந்தகுமாரி சேதுமாதவனின் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை, கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று விட்டாள்.

"சார், ஒரு ட்ரேட் பேச வந்திருக்கேன்."

"சீசன் முடிஞ்சிருச்சே மேடம்."

"டீம்ல இல்ல, ஆபீஸ்ல. மூசா பாய் கம்பெனிக்கு என்னைக் குடுத்துடுங்க. அவங்க கேக்கறாங்க. பதிலுக்கு அவங்க கிட்ட யாராவது நல்ல பேட்ஸ்மேன் இருந்தா வாங்கிக்கங்க. மாசக் கடைசியில அறுநூறு பேருக்குச் சம்பள ஃபைலை அவன் அடிச்சு ஆடட்டும்."

சேதுமாதவன் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"விளையாடாதீங்க மேடம். நீங்க போனா எப்படி?"

"போனா என்ன சார்? என்னைக் கேக்காம மாத்த முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுது. அவனைக் கேக்காம மாத்தலாம்னு எப்படித் தோணுச்சு? எனக்கு டிகிரி இருக்கு, அவன் தோள்ல சிலிண்டர் இருக்கு, அவ்வளவுதானே?"

"நான் யாருக்கும் கெடுதல் நினைக்கல."

"நினைக்கல சார். நீங்க அவனை நினைக்கவே இல்ல. அதைத்தான் சொல்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "என்ன செய்யணும்?" என்றார்.

"சனிக்கிழமை டெஸ்ட். அவன் எழுதணும். பேர் இல்லன்னு யாரும் தடுக்கக் கூடாது. பாஸ் பண்ணா டெக்னீஷியன்னு புது ஆஃபர் போடுங்க. பண்ணலன்னா பழைய ஹெல்பர் வேலை, பழைய சம்பளம். பழைய சர்வீஸைக் கணக்குல சேர்த்து எழுதணும். கேன்சல் ஆனது உங்க தப்பு, அவனோடது இல்ல."

"எம்.டி. கிட்ட பேசணும்."

"பேசுங்க. நானும் மூசா பாய் கிட்ட வியாழக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்."

கேட்கவில்லை. பொய். பதில் வரும் வரைக்கும் அவளுக்குத் தூக்கம் ஒழுங்காக வரவில்லை. மகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, கணவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்ற பயம், எல்லாம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே கோபம் இருந்ததால் தாக்குப்பிடித்தாள். புதன்கிழமை எம்.டி. சரி என்றார்.

சனிக்கிழமை பாலகுரு ஒர்க்‌ஷாப்பில் குழாயை ஒட்டினான், கேஸ் ஏற்றினான், சோப்பு நுரை தடவிக் கசிவு இல்லை என்று காட்டினான். டெஸ்ட் வைத்த இன்ஜினியர் எப்போதும் குறை சொல்கிறவர். அவனிடமும் இரண்டு குறை சொல்லிவிட்டு பாஸ் போட்டார்.

புது ஆஃபரில் கையெழுத்துப் போட பாலகுருவை ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். சேதுமாதவன் தன் அறையில் உட்கார வைத்தார், டீ வரவழைத்தார், காகிதத்தைத் திருப்பி, போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

பாலகுரு பேனாவை எடுக்கவில்லை. காகிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினான். இங்கிலீஷில் இருந்தது. மெதுவாக, உதட்டை அசைத்துப் படித்தான். தெரியாத இடத்தில் விரல் வைத்து வசந்தகுமாரியைக் கேட்டான். அவள் சொன்னாள். சேதுமாதவனின் போன் இரண்டு முறை அடித்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. டீ ஆடை கட்டிவிட்டது.

"இதுல கிரிக்கெட் ஆடணும்னு எங்கயும் இல்லைல்ல மேடம்?"

"இல்ல."

அவன் கையெழுத்துப் போட்டான்.

சேதுமாதவனுக்கு நிம்மதி வந்துவிட்டது. அவர் பழைய நல்ல மனிதராகி, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வசந்தகுமாரியைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. அடுத்த சீசன் ஹஸ்னைனும் இருக்கான், இவனும் இருக்கான். கப்பு நமக்குத்தான். இவன் ஆடுவான்ல மேடம்?"

"எங்கிட்ட ஏன் சார் கேக்கறீங்க? அவன் முன்னாடிதானே உக்காந்திருக்கான்."

சேதுமாதவன் பாலகுரு பக்கம் திரும்பினார். அந்தக் கேள்வியை அவனிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஒரு நிமிடம் தடுமாறினார். அறுநூறு பேருக்கு டூட்டி போட்ட வாய்.

"என்னப்பா... அடுத்த வருஷம் நமக்கு ஆடுறியா?"

பாலகுரு எழுந்து நின்றான். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தான்.

"மாஃபி சார்" என்றான். "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு."